வண்டியை நிறுத்து! பையைத் திற!

சோதனை போட போலீசாருக்கு உள்ள அதிகாரம் என்ன? பயணிக்கு உள்ள உரிமை என்ன?

காரிமங்கலம் வாரச் சந்தை. ஒரு விவசாயி தன் ஜோடி மாடுகளை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கையில் 90 ஆயிரம் ரூபாய். மகள் கல்யாணத்துக்கான பணம். துணிப் பையில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊருக்குத் திரும்புகிறார்.

வழியில் ஒரு கை நீள்கிறது.

"வண்டியை நிறுத்து! பையில் என்ன?"

தேர்தல் நேரம் அது. நிற்பது பறக்கும் படை. மாடு விற்ற பணம் என்கிறார் விவசாயி. "சீட்டு எங்கே?" என்று கேட்கிறார்கள். சீட்டு இல்லை. பணம் கைமாறுகிறது. விவசாயி வெறும் பையோடு வீட்டுக்குப் போகிறார்.

இது கற்பனைதான். ஆனால், தேர்தல் அறிவிப்பு வந்ததும் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும் பயம் கற்பனை அல்ல.

எல்லை ஓரத்து மாவட்டம்

தர்மபுரி மாவட்டத்துக்குச் சோதனை புதிது அல்ல.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டு வந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது தர்மபுரி சேலத்தோடு சேர்ந்திருந்தது. 1965-ல்தான் அது தனி மாவட்டம் ஆயிற்று. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும் வரை ஓசூர் எல்லையும் இதற்குள்தான் இருந்தது.

பெங்களூரில் இருந்து வரும் பெரிய ரோடு தர்மபுரி வழியாகச் சென்று, தொப்பூர் கணவாயில் இறங்கி சேலத்துக்குப் போகிறது. தக்காளி லாரியும் அதில்தான் போகிறது. கர்நாடக மதுவும் குட்காவும் கடத்துகிற வண்டியும் அதில்தான் வருகிறது. எந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே சோதனையே கூடாது என்று யாரும் சொல்லமுடியாது. எப்படிச் சோதனை போடவேண்டும் என்பதுதான் கேள்வி.

லைசென்சு வேறு, பை வேறு

சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி கேட்டால் டிரைவர் லைசென்சைக் காட்டவேண்டும். இது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். செல்போனில் டிஜிலாக்கர் மூலம் காட்டினாலும் செல்லும்.

ஆனால், லைசென்சு கேட்கும் பிரிவு பையைத் திறக்கச் சொல்லும் பிரிவு அல்ல. ஹெல்மெட் போடவில்லை என்பதற்காகத் துணிமணிகளைக் கிளறிப் பார்க்க அதில் இடம் இல்லை.

பொருளைத் தேட வேண்டுமானால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான் அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது. வாரண்டு இல்லாமல் தேடும் அதிகாரத்தை இந்தச் சட்டமும் போலீசாருக்குத் தருகிறது. ஆனால் அதோடு சில கடமைகளையும் சேர்த்தே தருகிறது.

விசாரிக்கும் அதிகாரி, தாம் ஏன் சந்தேகப்படுகிறார் என்பதை எழுதி வைக்கவேண்டும். அந்த எழுத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கவேண்டும். செல்போனில் எடுத்தாலும் போதும். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும். பெண்ணைச் சோதனை போடுவது பெண்ணாகத்தான் இருக்கவேண்டும், கண்ணியம் கெடக்கூடாது.

கஞ்சா என்றால்?

போதைப் பொருள் சட்டம் (1985) கடுமையானது. பொது இடத்தில், ஓடும் வண்டியில் கஞ்சா இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், அதற்கென அதிகாரம் பெற்ற அதிகாரி வாரண்டு இல்லாமலே தேடலாம்.

ஆனால், ஆளின் உடம்பைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லவேண்டும். "நீ விரும்பினால் மாஜிஸ்திரேட்டு முன்போ, கெஜட் அதிகாரி முன்போ உன்னைச் சோதனை போடலாம்" என்பதுதான் அது. அதைச் சொல்வது போலீசாரின் கடமை என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். 2005-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, கையில் உள்ள பை உடம்பு ஆகாது என்றது. அதனால் பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

முன்பின் தெரியாதவர் "இந்தப் பொட்டலத்தை சேலத்தில் கொடுத்துவிடுங்கள்" என்றால் வாங்காதீர்கள். உங்கள் பையில் கிடைத்தால், தெரியாமல் வந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

தேர்தல் பணம்

இனி விவசாயியின் 90 ஆயிரத்துக்கு வருவோம்.

தேர்தல் கமிஷன் விதியில் வரும் 50 ஆயிரம் ரூபாய் வரம்பு, வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ கட்சிக்காரரோ போகும் வண்டியைப் பற்றியது. நடைமுறையில், அதற்கு மேல் ரொக்கம் கொண்டுபோகும் எல்லோரிடமும் ஆதாரம் கேட்கிறார்கள்.

விதியில் மக்களுக்குச் சாதகமானவையும் உண்டு. மரியாதையோடு பேசவேண்டும். சோதனையை வீடியோ எடுக்கவேண்டும். பெண் அதிகாரி இல்லாமல் பெண்களின் கைப்பையைத் திறக்கக்கூடாது. பணத்தை எடுத்தால், எங்கே முறையிடுவது என்று எழுதிய ரசீது தரவேண்டும். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இருக்கிறது. கட்சிக்கோ வேட்பாளருக்கோ தொடர்பு இல்லாத பணம் என்று தெரிந்தால், அந்தக் குழு அதை விடுவிக்கவேண்டும். வழக்கு இல்லாத பணத்தை, ஓட்டுப் பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

பணம் பறிகொடுத்தவருக்கு இந்தக் குழு இருப்பது தெரியவேண்டும் அல்லவா? தெரியாவிட்டால், விதி காகிதத்தில்தான் இருக்கும்.

முறை தவறினால்

'தேடுகிறோம்' என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பது தர்மபுரிக்குத் தெரியும்.

1992 ஜூன் 20. அரூர் அருகே வாச்சாத்தி என்ற மலையடிவாரக் கிராமம். கடத்திய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு முன்பே 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தர்மபுரி கோர்ட்டு சொன்னது. 2023-ல் சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. நீதி கிடைக்க 31 ஆண்டுகள்!

பக்கத்தில் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடி. 2021 ஜூன் 22, ஊரடங்குக் காலம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். வாக்குவாதம் முற்றியது. தடியால் அடிபட்ட ஒருவர் மறுநாள் இறந்தார். சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் கொலை வழக்கில் கைதானார். ஒரு வாகனச் சோதனை, ஒரு குடும்பத்தின் வாழ்வையே குலைத்துவிட்டது.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் ரோட்டில் ஒருவரைச் சோதனை போடும் போலீஸ்காரர், தாம் எந்த ஸ்டேஷன், எதைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்று முதலில் சொல்லவேண்டும். அதற்குப் பதிவும் உண்டு. 1984-ம் ஆண்டுச் சட்டம் அது. அமெரிக்காவில் முறை தவறி எடுத்த பொருளை, பொதுவாக, கோர்ட்டு சாட்சியமாக ஏற்பதில்லை.

இந்தியாவில் அப்படி இல்லை. சோதனை முறை தவறியது என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ளவேண்டியது இல்லை என்று 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ரோட்டில் நடந்த தவறு கோர்ட்டில் தானாகச் சரியாகிவிடாது. எனவே முறையை ரோட்டிலேயே காப்பாற்றியாகவேண்டும்.

என்ன செய்யலாம்?

கை காட்டினால் வண்டியை நிறுத்துங்கள். ஓட்டம் பிடிக்காதீர்கள். கை கலக்காதீர்கள். "என்ன காரணம் ஐயா?" என்று அமைதியாகக் கேளுங்கள். பொருளை எடுத்தால் பட்டியலின் நகலை வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மாடு விற்றால், வாங்கியவரிடம் பெயரும் தொகையும் தேதியும் எழுதி ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீசாருக்கும் இதில் லாபம் உண்டு. காரணத்தை எழுதி, சாட்சி வைத்து, வீடியோ எடுத்த சோதனையில் கடத்தல்காரன் தப்பமுடியாது. நேர்மையான போலீஸ்காரர் மீது பொய்ப் புகார் வந்தால், அவரைக் காப்பாற்றுவதும் அந்த வீடியோதான்.

காரிமங்கலம் விவசாயியிடம் ஒரு சீட்டு இருக்கவேண்டும். அவரை நிறுத்தியவர் கையிலும் ஒரு ரசீதுப் புத்தகம் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் கல்யாணம் நிற்காது.