காலிழந்தோர் கேட்பது பிச்சையன்று

மிதிவெடித் தடை ஒப்பந்தம் ஒட்டாவா நகரிலே கையெழுத்துக்கு வைக்கப்பட்டது 1997இல். இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பர் 13இல். இடையிலே கழிந்த இருபது ஆண்டுகளில் எத்தனை கால்கள் போயின என்று கணக்குக் கேட்க நாம் இங்கு வரவில்லை. ஒப்பமிட்டபின் செய்ய வேண்டியதைச் செய்தீர்களா என்றே கேட்கிறோம்.

ஒப்பந்தம் விதிக்கும் கடமைகளுள் இரண்டு இவை. புதைத்ததைப் பத்தாண்டுக்குள் அகற்றுவது ஒன்று. அதற்கு அன்று குறிக்கப்பட்ட கெடு 2028 ஜூன் 1. வெடியால் ஊனமுற்றோருக்கு வைத்தியமும் தொழிலும் சமூகத்தில் இடமும் கிடைக்க உதவுவது மற்றது. ஆனால் இரண்டாவது கடமை, 'இயன்ற நாடுகள்' செய்யவேண்டியது என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் ஓர் அரசாங்கம் முழுதாக ஒளிந்துகொள்ளலாம்!

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறும் அன்பர்கள், ஆனையிறவு தாண்டி முகமாலையைக் கடக்கும் வேளையில் பெரும்பாலும் உறக்கத்திலிருப்பர். 2000 முதல் 2008 வரை போர்முனையாயிருந்த அந்தத் தென்னந்தோட்டப் பூமி, உலகிலேயே மிகச் செறிவாக மிதிவெடி புதைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. இராணுவம் புதைத்தது, புலிகளும் புதைத்தனர். 'ஜொனி' வெடியை வன்னியிலே அறியாதார் யார்? இதைச் சொல்லக் கூசுவோர் நம்மவருள் உண்டு. கூசட்டும். புதைத்த கை எவருடையது என்று பார்த்தா மிதிவெடி காலைப் பறித்தது?

அகற்றும் வேலை 2002இலிருந்து நடந்து வருகிறது. வெயிலிலே முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுவோரில் பலர் போரிலே கணவரை இழந்த நம் பெண்கள். கூலியோ அயல்நாட்டாருடைய பணம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, உலகெங்கும் இப்பணி தடுமாறியது. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் வன்னியிலே ஏர் நிற்க வேண்டுமா? நம் விவசாயிகளின் நிலத்துக்கு நம் நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் இடமில்லையா?

நிலமாவது என்றோ ஒருநாள் துப்புரவாகும். துண்டான கால் முளைக்குமா? பிள்ளைகளுக்கு எலும்பு வளர்கிறது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை செயற்கைக் கால் மாற்ற வேண்டும். எட்டு வயதில் காலிழந்த சிறுமி பதினெட்டை எட்டுமுன் பத்துக் கால்களாவது வேண்டும். பின்னர் ஆயுள் முழுதும் சில ஆண்டுக்கு ஒன்று. 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை இந்தச் சுமையைத் தாங்குகின்றன. அரசாங்கம் சுமக்கவேண்டியதைத் தருமம் சுமக்கிறது.

இதை மாற்றவல்லவர் யார்? பாதிக்கப்பட்ட இளைஞர்களே. கம்போடியாவிலே சிறு வயதில் ஒரு காலை இழந்த சோங் கோசல், ஊன்றுகோலுடன் ஒட்டாவா சென்று, அரசாங்கங்கள் ஒப்பமிட்ட நாட்களில் மக்கள் பெயரால் எழுந்த உறுதிமொழியில் ஒப்பமிட்டார். அதே ஆண்டில் இந்த இயக்கத்துக்குக் கிடைத்த நோபல் பரிசை ஒஸ்லோவில் ஏற்றவர்களுள் ஒருவர் துன் சன்னரத், இரு கால்களும் இழந்தவர். அவர்களை மேடையேற்றிய உலகம் கிளிநொச்சி, முல்லைத்தீவு இளைஞரை மேடைக்குக் கீழே, புகைப்படத்துக்காக மட்டும் நிறுத்துவதேன்?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழரிடமும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் ஊனமுற்றோர் இல்லத்துக்குச் சோற்றுப் பொதி அனுப்புகிறீர்கள். அனுப்புங்கள், பசிக்கு நாள் பார்க்கத் தெரியாது. ஆனால் சட்டத்தரணிகளே, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உங்கள் அலுமாரியில் இல்லையா? பொதுக் கட்டடங்களில் ஊனமுற்றோர் ஏறிச்செல்ல வழி வேண்டுமென்று 2011இல் உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு மனிதர் ஓயாது வழக்காடியதன் பலன் அது. வைத்தியர்களே, கணக்காளர்களே, விண்ணப்பம் எழுதத் தெரியாத பிள்ளைக்கு எழுதிக்கொடுங்கள். ஒதுக்கிய பணம் எங்கே போனதென்று கணக்குக் கேளுங்கள்.

அரசாங்கத்திடம் கேட்பதும் அதிகமன்று. பாதிக்கப்பட்டோரின் முழுப் பட்டியலை வெளியிடுங்கள். செயற்கைக் காலுக்கென்று ஆண்டுதோறும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஜூன் கெடுவைப் பற்றிக் கொழும்பிலே கூடும் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு நாற்காலிகள் காலிழந்த இளைஞருக்கு வேண்டும். சாட்சிகளாக அல்ல, வாக்களிக்கும் உறுப்பினராக. அடுத்த கூட்டத்திலேயே அவை போடப்படுமா என்பதை அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து சொல்லட்டும்.