கட்டணமில்லாப் பட்டத்தின் விலை

அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களிற் சூழலியலும் கூர்ப்பியலும் கற்பதற்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் டொலர் வேண்டும். ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் அறவிடுவதில்லை. இலங்கையிலோ, கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நிலைபெற்ற இலவசக் கல்வி, விலங்கியற் பட்டத்தையும் தாவரவியற் பட்டத்தையும் கட்டணமின்றியே வழங்குகின்றது. இவ்வொப்பீட்டைக் காட்டி, ஏழைக்கும் எட்டும் பட்டமிது எனப் பெருமிதங் கொள்வோர் பலர். அப்பெருமிதம் அரைகுறையானது. வாயிலுக்குள்ளே அறவிடப்படாத பணம் வாயிலுக்கு வெளியே அறவிடப்பட்டுவிடுகின்றது.

கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடாவை நோக்குக. ஒருபுறம் புத்தளம் களப்பும் கண்டற்காடுகளும். மறுபுறம் டொல்பின்களும் திமிங்கிலங்களும் உலாவும் பெருங்கடல். வடக்கே, 1992 இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 1998 இல் கடல் சூடேறியமையால் வெளிறிய முருகைக்கற்பாறைத் தொடர். சூழலியல் மாணவனுக்கு இதனினுஞ் சிறந்த ஆய்வுகூடம் ஏது? ஆயினும், கடற்றொழிலாளரும் 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பங்களும் வாழும் இவ்வூரின் பிள்ளை அப்பட்டத்தை அடைய வேண்டுமாயின், முதலில் உயர்தரத்தில் உயிரியற் பிரிவைக் கற்றாக வேண்டும். அதற்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும். அவை அருகில் இல்லையெனில் தனியார் வகுப்புக் கட்டணம், பேருந்துச் செலவு, நகரத்தில் விடுதிச் செலவு என விலை ஏறிக்கொண்டே செல்லும். தமிழிற் கற்றவன் பட்டப்படிப்பை ஆங்கிலத்திற் தொடர வேண்டுமென்பதும் ஒரு விலையே.

மாவட்ட ஒதுக்கீடு உண்டே என்பர். அனுமதியில் 40 வீதம் திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் உரியதென்பது உண்மை. ஆனால் மாவட்டம் என்பது ஒரே அலகு. சிலாபத்து நகரப் பாடசாலை மாணவனும் ஆலங்குடா மாணவனும் அதனுள் ஒரே வரிசையில் நிற்கின்றனர். மகாபொல உண்டே என்பர். 1981 இல் தொடங்கிய அப்புலமைப்பரிசில் வாயிலைக் கடந்தவனுக்கே கிடைக்கும், கடக்க முயல்பவனுக்கன்று.

உழைப்புத் தராத இப்படிப்பு ஏழைக்கு எதற்கு என்று கேட்போருமுளர். சரணாலயத்தின் எல்லையும், தடைசெய்யப்படும் வலையும், நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் அனல்மின் நிலையத்தின் விளைவும் யார் வாழ்வைத் தொடுகின்றன? அவற்றை அளந்து தீர்ப்புக் கூறும் அறிவு வெளியூராருக்கே உரியதாயின், கரையோர மக்கள் என்றும் கேட்டுக்கொண்டிருப்போராகவே இருப்பர்.

ஆகவே, பட்டங்களின் கட்டணங்களை ஒப்பிடுவதை நிறுத்தி, பட்டத்துக்கு முந்திய ஈராண்டின் செலவை ஒப்பிடுக. கற்பிட்டிக் கோட்டத்துக்கு விஞ்ஞான ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் மாணவர் விடுதியையும் அளிக்காத அரசுக்கு, இலவசக் கல்வி என்ற சொல்லைப் பெருமையுடன் உச்சரிக்கும் உரிமை இல்லை.