படியின் பிழை

கொழும்பு கொச்சிக்கடையிலும் அதை அடுத்த கொட்டாஞ்சேனை, செட்டியார் தெருப் பக்கங்களிலும் உள்ள பழைய கடைவீடுகளில் மாடிப்படி பெரும்பாலும் ஒடுங்கியது, செங்குத்தானது. கீழே கடை, மேலே குடியிருப்பு அல்லது சரக்கறை. இத்தகைய படியில் ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது, "பார்த்து இறங்கியிருக்கலாமே" என்பதுதான். விழுந்தவரும் அதை ஒப்புக்கொள்கிறார். வயது போனவர்களும் கவனமில்லாதவர்களும்தான் படியில் விழுவார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. ஆனால் ஒவ்வொரு பகுதியாக எடுத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை.

கவனம் என்பதிலிருந்து தொடங்கலாம். படி இறங்கும் எவரும் ஒவ்வொரு படியையும் உற்றுப் பார்த்து இறங்குவதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் அளவைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் அதே அளவை நம்பித்தான் பாதம் இறங்குகிறது. இது சோம்பலல்ல, உடல் நடக்கும் முறை. அந்த நம்பிக்கையைப் படி பொய்யாக்கும்போதுதான் கால் தவறுகிறது. நியூயோர்க் புரூக்ளினில் 36ஆம் வீதிச் சுரங்க ரயில் நிலையத்தின் ஒரு படி, மற்றவற்றைவிட அங்குலத்தின் ஒரு சிறு பகுதி மட்டுமே உயரமாக இருந்தது. 2012இல் ஒருவர் அதைப் படம்பிடித்து வெளியிட்டார். ஆண், பெண், இளையோர், முதியோர் என்று ஆளுக்குப் பின் ஆளாக அதே படியில் தடுக்கினார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கவனம் தவறினார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் படியைத் திருத்தவேண்டியிருந்தது; திருத்தினார்கள்.

இதே பிழை கொழும்பு வீடுகளில் புதுப்பிக்கும் வேலையின்போது சத்தமில்லாமல் நுழைகிறது. கீழ்த் தரைக்கு டைல்ஸ் பதித்தால் அடிப்படியின் உயரம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் குறைகிறது. மேல் மாடிக்குப் பதித்தால் உச்சிப்படி அதே அளவு கூடுகிறது. நடுவிலுள்ள படிகள் பழைய அளவிலேயே இருக்கின்றன. படி விபத்துகள் உச்சியிலும் அடியிலும் உள்ள இரண்டு மூன்று படிகளிலேயே அதிகம் நேர்கின்றன என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்டது. அமெரிக்கக் கட்டிட விதிகள் ஒரு படிவரிசையின் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக்கூட அனுமதிப்பதில்லை.

உயரத்தைவிடப் படியில் பாதம் வைக்கும் இடத்தின் அகலம் முக்கியமானது. வளர்ந்தவரின் பாதம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளம். படி 20 சென்ரிமீற்றராக இருந்தால் பாதத்தின் முன்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அல்லது பாதத்தைச் சரித்து வைக்கவேண்டும். இந்தியாவின் தேசியக் கட்டிட நெறிமுறை வீட்டுப் படிக்குக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் அகலமும், கூடியது 19 சென்ரிமீற்றர் உயரமும் சொல்கிறது. அப்படியானால் 3 மீற்றர் உயர மாடிக்கு 16 எட்டுகள் வேண்டும்; கடைசி எட்டு மாடித் தரையிலேயே போய் நிற்பதால், தரையில் 3.75 மீற்றர் நீளம் போகும். அதே மாடிக்கு 20 சென்ரிமீற்றர் அகலத்தில் 14 எட்டுகள் கட்டினால் 2.6 மீற்றர் போதும். மிச்சம் ஏறத்தாழ நாலடி நிலம். கொழும்பில் பேர்ச் கணக்கில் நிலம் வாங்குபவருக்கு அந்த நாலடி பெரிய இலாபம். அந்த மிச்சத்துக்கான விலையைப் பிறகு அந்த வீட்டில் வசிக்கும் ஒவ்வொருவரின் காலும் கொடுக்கிறது.

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது இலேசு என்பதும் தவறு. மூச்சு வாங்குவது ஏறும்போது. விழுவது பெரும்பாலும் இறங்கும்போது. ஏறுபவர் தடுக்கினால் கையை ஊன்ற எதிரிலேயே படி இருக்கிறது. இறங்குபவருக்கு எதிரில் வெறுமைதான். குதிகால் விளிம்பில் வழுக்கினால் இடுப்பும் முதுகும் அடிபடும். முன்னால் கவிழ்ந்தால் படிவரிசையின் முழு உயரத்துக்கும் தலை கீழாகப் போகும். சிவப்புச் சாயமிட்டு மெழுகித் தேய்த்த சீமெந்துப் படி, மழை நாளில் ஈரச் செருப்போடு இறங்குபவருக்கு எவ்வளவு கொடியது என்பதை விழுந்த பிறகுதான் பலரும் உணர்கிறார்கள்.

"வயது போனவர்களுக்குத்தானே" என்பது அடுத்தது. முதுமையில் விழுந்தால் காயம் கடுமையாகும், மரணமும் நேரும் என்பது முழு உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எல்லா வகை வீழ்ச்சிகளாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 684,000 பேர் இறக்கிறார்கள். அறுபதைத் தாண்டியோரின் மரண வீதமே மிக அதிகம். ஆனால் யார் விழுகிறார்கள் என்பது வேறு கேள்வி. 1990 முதல் 2012 வரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் படிக் காயங்களுடன் வந்தவர்கள் பற்றிய ஆய்வில், ஆண்டுக்குச் சராசரி பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் 11 முதல் 60 வயதுக்குட்பட்டோர். குழந்தைகளிடையே மட்டுமன்றி இருபதுகளில் இருப்போரிடையேயும் ஓர் உச்சம் தெரிந்தது.

கொழும்பின் கடைப்பகுதியான புறக்கோட்டையை அறிந்தவருக்கு இது வியப்பல்ல. மூட்டையை முதுகிலேற்றி மேல் மாடிச் சரக்கறையிலிருந்து இறங்கும் நாட்டாமை என்ற சுமைத் தொழிலாளி முதியவரல்ல, உழைக்கும் வயதுக்காரர். மூட்டை அவர் பார்வையை மறைக்கிறது, கை அதைப் பிடித்திருக்கிறது, படி பாதி பாதத்துக்குத்தான் இடம் தருகிறது. அவர் விழுந்தால் அன்றைய கூலி போகிறது, கால் முறிந்தால் மாதக்கணக்கில் வீட்டு அடுப்பு அணைகிறது. இலங்கையின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையால் நேர்ந்த விபத்துக் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. தொழிலாளி சற்றுக் கவனம் தவறினார் என்பது மட்டும் அந்தப் பொறுப்பை அழித்துவிடாது. "அவனுடைய பிழை" என்ற ஒரு சொல்லால் அந்த உரிமையைக் கேட்காமலே விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

கைபேசி, அவசரம், மது, நீண்ட சாரமும் சேலையும் விபத்தைக் கூட்டுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் கவனம் தவறும் நேரங்கள் எல்லா மனிதருக்கும் உண்டு. நல்ல படி அதைத் தாங்கிக்கொள்ளும். கெட்ட படி தாங்காது. வெளிச்சமும் அப்படியே. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. லிப்டும் விளக்கும் நின்றுபோன மாடிக் குடியிருப்பில் இருட்டில் இறங்கியவரிடம் எவ்வளவு கவனம் இருந்தும் படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கிட்டப் பார்ப்பதற்கும் எட்டப் பார்ப்பதற்குமான வில்லைகள் ஒரே கண்ணாடியில் சேர்ந்திருந்தால், கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும்போது பகலிலும் விளிம்பு மங்கும்.

கைப்பிடி முதியவர்களுக்கான ஊன்றுகோல் என்ற எண்ணமும் பரவலானது. வழுக்கிய நொடியில் இருபது வயதுக்காரரையும் காப்பது அதுதான். ஆனால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும் பருமனில் இருக்கவேண்டும். படியோரம் கட்டிய அகலமான சீமெந்துச் சுவரில் கையை வைக்கலாம். விழும்போது அதைப் பற்ற முடியாது.

"எழும்பி நடந்துவிட்டார், ஒன்றுமில்லை" என்பதுதான் உயிருக்கே உலை வைக்கும் நம்பிக்கை. தொடையெலும்பின் கழுத்து முறிந்து, முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றால் சிலர் நொண்டியபடியே நடப்பார்கள். எக்ஸ்ரே எடுக்குமுன் எண்ணெய் போட்டு உருவினால் அந்த முறிவு விலகிப்போகலாம். மூளையைச் சுற்றிக் கசியும் இரத்தம், குறிப்பாக வோஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்போரில், நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தலைவலியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படலாம். அந்த மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், நலமாகத் தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கழுத்து நோவோ கால் விறைப்போ இருப்பவரைத் தூக்கி உட்கார்த்தாமல், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்கவேண்டும்.

"பழைய கட்டிடம், படியை மாற்ற முடியாது" என்பது கடைசி வாதம். பொதுமக்கள் புழங்கும் கட்டிடங்களுக்கு இலங்கையில் 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. ஒடுங்கிய கடைவீட்டுப் படியை அவற்றுக்கேற்ப இடித்துக் கட்ட இடமில்லை என்பது சரி. ஆனால் ஒவ்வொரு விளிம்பிலும் வெள்ளைப் பூச்சுக் கோடு இழுக்கவும், வழுக்காத பட்டி ஒட்டவும், சுவரோடு ஒரு குழாய்க் கைப்பிடி பொருத்தவும் கொத்தனார்கூடத் தேவையில்லை. டைல்ஸ் பதிப்பவரிடம் கீழ்த் தரை, எல்லாப் படிகள், மேல் மாடி எல்லாவற்றுக்கும் ஒரே கனத்தில் பதிக்கச் சொன்னால் உயரம் ஒன்றாகவே இருக்கும். படிக்கு மேலேயும் கீழேயும் ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச் போட மின்வேலைக்காரருக்கு அரை நாள் போதும்.