பதவி உயர்வு தீர்ப்பாகுமோ?

படைத்தலைவர் ஒருவரின் வரலாறு பதவிகளின் வரிசையாகவே எழுதப்படுவது வழக்கம். ஜெனரல் சவேந்திர சில்வாவின் வரலாறும் இதற்கு விலக்கன்று. வன்னிப் போரில் 58ஆவது படைப்பிரிவின் தளபதி. 2010இல் ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் பிரதி நிரந்தரப் பிரதிநிதி. 2019 ஆகஸ்டில் இராணுவத் தளபதி. 2022 ஜூனில் பாதுகாப்புப் படைகளின் பிரதானி. 2024 இறுதியில் ஓய்வு. படிகள் யாவும் மேல்நோக்கியனவே. ஆயின், வன்னியில் நிகழ்ந்தது யாது என்னும் வினாவுக்கு இப்படிகளுள் எதுவும் விடையாகாது.

மன்னாரிலிருந்து பூநகரி, பரந்தன் வழியாக முல்லைத்தீவுக் கரைவரை முன்னேறியது அப்படைப்பிரிவு. இறுதி மாதங்களில் போர் தவிர்ப்பு வலயங்கள்மீதும் மருத்துவமனைகள்மீதும் அரச படைகள் எறிகணை வீசின என்னும் குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என, ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. புலிகள் மக்களைத் தடுத்து வைத்தனர், தப்பியோடியோரைச் சுட்டனர் என்பதையும் அதே குழு கூறியது. ஒருவர் குற்றத்தைக் கொண்டு மற்றவர் குற்றத்தைக் கழித்துவிட, நீதி கணக்குப் பாடமன்று.

குற்றம் நிரூபிக்கப்படவில்லையே என்பர் சிலர். உண்மைதான். விசாரணையே நிகழாதவிடத்து நிரூபணம் எங்ஙனம் பிறக்கும்? தளபதி குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். அது அவரது உரிமை. அம்மறுப்பை எடைபோடுவது நீதிமன்றின் கடமை; பதவி உயர்வுக் கடிதத்தின் வேலையன்று. 1946இல் தூக்கிலிடப்பட்ட ஜப்பானியத் தளபதி யமஷிதா, தம் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவே தண்டிக்கப்பட்டார். அவ்வழக்கு நடத்தப்பட்ட முறையை இன்றும் குறைகூறுவோர் உளர். எனினும், கீழுள்ளோர் செயலுக்கு மேலுள்ளோர் பொறுப்பு என்னும் கோட்பாடு உலகச் சட்டத்தில் வேரூன்றிவிட்டது. வெற்றியின் புகழ் தளபதியைச் சேருமாயின், விசாரணை மட்டும் அவரை அணுகலாகாது என்பது என்ன நியாயம்?

2020இல் ஐக்கிய அமெரிக்காவும் 2025இல் பிரித்தானியாவும் அவர்மீது தடை விதித்தன. இவற்றைக் கண்டு தமிழர் மகிழ்ந்து அமைதல் தகாது. பயணத்தடை தீர்ப்பன்று, அது சாட்சிகளை அழைப்பதுமில்லை, புதைகுழிகளைத் தோண்டுவதுமில்லை.

2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தம் உறவினரைப் படையினரிடம் கையளித்ததாகக் கூறும் குடும்பங்கள் பல. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கையளிக்கப்பட்டோர் எங்கே என்பதே அவர்களது கேள்வி. அக்கேள்வியை எதிர்கொண்டு விடையிறுக்க வேண்டியவர்களை அரசு பதவி தந்து போற்றியது. ஓய்வு தந்து வழியனுப்பியது. இனியேனும் சுதந்திரமான நீதிமன்றின்முன் அவர்களை நிறுத்துவதே அரசின் கடனாகும்.