மேடையேறும் தேகங்களின் பொருட்டு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சர் அவர்களுக்கு,

சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருக்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் இளமையெல்லாம் இரும்பைத் தூக்கியும், இப்போது தூக்குகிற பிள்ளைகளின் தலைமாட்டில் நின்று எண்ணிக்கை சொல்லியும் காலம் கழித்துவரும் ஒருவன், ஆணழகன் போட்டிகளுக்குத் தங்களை ஆயத்தம் செய்துகொள்ளும் அமெச்சூர் இளைஞர்களின் பொருட்டுத் தங்கள் சமூகத்திற்குச் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் இது. பணமுடிப்போ பட்டமோ யாசித்து எழுதவில்லை. மேடையேறும் முன் ஒரு மருத்துவரின் பார்வையும், மேடையிறங்கிய பின் ஒரு சிறுநீர்ச் சோதனையும் இவர்களுக்கு வாய்க்கவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இக்கலையைப் பற்றி நம்மவரிடையே ஒரு லேசான ஏளனம் எக்காலத்திலும் இருந்துவந்திருக்கிறது. கண்ணாடி முன் நிற்பவன் கர்வி என்பது பொது அபிப்பிராயம். ஆனால் 1901-ஆம் ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் யூஜின் சாண்டோ நடத்திய முதற்பெரும் ஆணழகன் போட்டிக்கு, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களில் ஒருவராக அமர்ந்தார் என்பதையும், அந்தச் சாண்டோவின் பெயரே கடல் கடந்து வந்து, கோயம்புத்தூரில் தேகப்பயிற்சி செய்து பின்னர் படத்தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டிக்கொண்டது என்பதையும், பெங்களூரில் கே.வி. ஐயர் சூரிய நமஸ்காரத்தையும் பளுப்பயிற்சியையும் இணைத்து ஒரு தலைமுறையையே வளர்த்தார் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இது நேற்று முளைத்த விளம்பர மோகம் அன்று என்பது விளங்கும். வங்காளத்து மனோகர் ஐச் என்பவர் ஐந்தடி உயரமும் இல்லாதவர். பிரிட்டிஷ் ஆட்சியின் சிறைக்குள்ளேயே பயிற்சியைத் தொடர்ந்து 1952-இல் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் பெற்று, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016-இல் மறைந்தார். நம் சிங்கப்பூரும் இதற்குப் புதிதல்ல. தாரா சிங்கும் கிங் காங்கும் மல்யுத்த மேடைகளில் மோதிய காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், தேக்காவில் இன்றும் சில முதியவர்கள் தேநீரை ஆறவிட்டுவிடுவார்கள்.

இந்த இளைஞர்களின் அன்றாட வாழ்க்கையைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பன்னிரண்டு மணி நேரப் பாதுகாவல் பணியையோ கப்பல் பட்டறை வேலையையோ முடித்துக்கொண்டு, நுழைவுக் கட்டணம் செலுத்தி ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைகிறவன், கூட்டம் மிகுந்த மாலை வேளையில் ஸ்குவாட் தாங்கிக்கு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பின்னால் காத்திருப்பவரின் பெருமூச்சு காதில் விழ விழ அவசரமாகத் தூக்கிவிட்டு, வீடு திரும்பியபின் மறுநாளைக்கு வேண்டிய கோழி நெஞ்சுக் கறியைத் தோல் நீக்கி, எண்ணெயின்றி வேகவைத்து, நிறுத்துப் பார்த்து டப்பாக்களில் அடைத்துவிட்டுத்தான் படுக்கைக்குப் போகிறான். உணவங்காடியில் நண்பர்கள் முர்தபாவுக்குச் சொல்லும்போது இவன் கேட்பது பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். தைப்பூசக் காவடிக்காக ஒரு மண்டலம் விரதமிருக்கும் மகனைப் பூரிப்போடு பார்க்கும் தாயார், போட்டிக்காக உப்பையும் சர்க்கரையையும் விலக்கும் அதே மகனைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று கலங்குகிறார். தீபாவளிப் பலகாரத் தட்டை அவன் ஒதுக்கிவைத்தால் பெரியம்மாமார் கோபித்துக்கொள்கிறார்கள். பளு தூக்குவதைக் காட்டிலும் இந்தக் கோபங்களைச் சமாளிப்பதே சிரமம் என்று பிள்ளைகள் சொல்வதுண்டு.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது, போட்டிக்கு முந்திய நான்கைந்து மாதங்களில் கொழுப்பைக் கரைக்கும் பருவம். அதன் உக்கிரத்தை என் வார்த்தையால் நிரூபிப்பதைக் காட்டிலும் அறிவியலார் அளந்து வைத்த கணக்கால் காட்டுவது உசிதம். எந்த ஊக்கமருந்தையும் நாடாத அமெரிக்க வீரர் ஒருவரை ஓராண்டு காலம் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத் தயாரிப்பின் முடிவில் அவருடைய உடற்கொழுப்பு 14.8 விழுக்காட்டிலிருந்து 4.5-க்கு இறங்கியதும், ஓய்விலிருக்கும்போது நிமிஷத்துக்கு 53 ஆக இருந்த இருதயத்துடிப்பு 27-க்கு வந்ததும், டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு கால்பங்காகக் குறுகியதும், மனநிலை பெரிதும் நிலைகுலைந்ததும் பதிவாகியுள்ளன. மேடையின் வெளிச்சத்தில் ஆரோக்கியத்தின் சிகரம்போல் தோன்றும் அந்தத் தேகம், அந்த நாளில்தான் மிகவும் பலவீனப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கு உட்பட்டவரைச் சுற்றி வல்லுநர்கள் இருந்தார்கள். நம் பிள்ளையைச் சுற்றி இருப்பது, கைப்பேசியில் யாரோ ஒருவர் அனுப்பிய உணவுப் பட்டியலும், உடன் பயிற்சி செய்பவரின் ஊகங்களும்தான்.

இவ்வளவு பிரயாசைக்குப் பின்னும் பக்கத்தில் நிற்பவனின் தோள் ஒரு வருஷத்தில் இரட்டித்திருப்பதைக் காணும்போது, சபலம் வருகிறது. 2015-இல் வெளிவந்த ஷங்கரின் ‘ஐ’ திரைப்படத்தில் ஆணழகன் ஒருவனின் தேகத்தைச் சத்துருக்கள் ஊசியேற்றிச் சீரழித்தார்கள். நிஜ வாழ்க்கையில் ஊசியை ஏந்தும் கை பெரும்பாலும் அவனுடையதாகவே இருக்கிறது. ஸ்டீராய்டு மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து என்பதும், சுகாதார அறிவியல் ஆணையம் கலப்பட மருந்துகளைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்துவருகிறது என்பதும் இவர்களுக்குத் தெரியாதவை அல்ல. உடம்பின் நீரை வற்றச்செய்யும் மருந்துகளோ இன்னும் கொடியவை. தசைநார்கள் கீறிக் காட்டவேண்டும் என்பதற்காகக் கடைசி நாட்களில் விழுங்கப்படும் இவை, இரத்தத்தின் உப்புச் சமநிலையைக் குலைத்து இருதயத்தை நிறுத்தவல்லவை. 1992-இல் ஹாலந்தில் போட்டி முடிந்த கையோடு மாண்ட முகம்மது பெனஸீஸாவும், 1996-இல் முப்பத்தோராம் வயதில் உறுப்புகள் செயலிழந்து மாண்ட ஆஸ்திரியாவின் அந்திரியாஸ் மூன்ஸரும் உலகப் புகழ் பெற்றவர்கள். அதனால் நமக்குப் பெயர் தெரிகிறது.

அரசாங்கங்களும் விளையாட்டு ஸ்தாபனங்களும் இக்கலையைச் சற்றுத் தள்ளியே வைத்திருப்பதன் காரணம் எனக்குப் புரியாமலில்லை. 1998-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அளித்த தற்காலிக அங்கீகாரம் நிலைக்கவில்லை. ஆசிய விளையாட்டுகளில் 2002-இல் பூசானிலும் 2006-இல் தோஹாவிலும் இடம்பெற்று, அப்துல் ஹலீம் ஹாரூன், சைமன் சுவா போன்றோர் நம் கொடியின் பெயரால் மேடையேறக் கண்ட இந்தப் போட்டி, அதன்பின் அங்கிருந்தும் நீங்கிற்று. மருந்தின் கறை படிந்த கலையோடு எதற்கு உறவு என்று ஓர் அதிகாரி எண்ணினால் அவரை நான் குறைகூறமாட்டேன். ஆயினும் அமைச்சர் அவர்களே, விலகி நின்றதால் மருந்து குறைந்ததா? ஊசி போட்டவன் யாரும் தடுக்காமல் பரிசை வாங்கிச் செல்கிறான். போடாதவன், தான் போடவில்லை என்று நிரூபிக்க வழியின்றித் தலைகுனிந்து நிற்கிறான். இயற்கைமுறைப் போட்டி என்று அறிவித்துக்கொண்டு, பொய்யறியும் கருவியாலும் சிறுநீர்ப் பரிசோதனையாலும் வீரர்களை வடிகட்டும் அமைப்புகள் உலகில் உண்டு. அவற்றின் கிளைகள் இங்கும் போட்டி நடத்துகின்றன. ஏனைய மேடைகளில் சோதனை என்பது நடத்துபவரின் மனச்சாட்சியையும் பணப்பையையும் பொறுத்த விஷயமாகவே இருந்துவருகிறது. பானக் குவளையில் எவ்வளவு சர்க்கரை என்று எழுத்திட்டுக் காட்டச் சட்டம் செய்த தேசம் இது. மேடையில் நிற்கும் உடம்பில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதற்கு மட்டும் கூச்சப்படலாமா?

எனவே என் வேண்டுகோள் இது. பொது அரங்குகளிலும் சமூக மன்றங்களிலும் ஆணழகன் போட்டி நடத்த அனுமதி கேட்பவரிடம், குலுக்கல் முறையில் சிலருக்கேனும் ஊக்கமருந்துச் சோதனை செய்வதை நிபந்தனையாக்குங்கள். அதன் செலவில் ஒரு பங்கைத் தங்கள் அமைச்சு ஏற்கட்டும். பலதுறை மருந்தகங்களில், போட்டிக்குத் தயாராகும் இளைஞன் தன் இரத்தத்தையும் இருதயத்தையும் பரிசோதித்துக்கொள்ள வழிசெய்யுங்கள். முன்பு தவறான மருந்தைத் தொட்டவன்கூட, தண்டனைக்கு அஞ்சாமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லக்கூடிய இடமாக அது இருக்கட்டும். ஒழுக்கவாதிகள் இதை ஆட்சேபிப்பார்கள். உயிரோடு இருப்பவனைத்தான் திருத்த முடியும் என்பதே அவர்களுக்கு என் பதில்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 1933-இல் குதிரைப் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தபின் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் தாயகமான ஃபேரர் பார்க் திடலில், ஏறத்தாழ 1,600 வீடுகள் எழும்பும் என்று 2021-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறிவித்தபோது, அவ்விடத்தின் விளையாட்டு மரபு பேணப்படும் என்றும் வாக்களிக்கப்பட்டது. அங்கே அமையும் விளையாட்டுக் கட்டடத்தில், பார்பெல்லும் டம்பெல்லும் தாராளமாக உள்ள ஓர் அறையையும், மேடையில் தசைகாட்டி நிற்கும் நிலைகளைப் பழகுவதற்கு ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடியையும், வாரத்தில் ஓரிரு மாலைகளில் ஒரு விளையாட்டு மருத்துவரையும் ஒதுக்கித் தருமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் ஒருநாள் மாலை அப்பக்கம் வருவதாயின், எந்தக் கூடத்தில் யார் எப்படிப் பயில்கிறார்கள் என்பதை உடனிருந்து காட்டச் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
சிராங்கூன் சாலைத் தேகப்பயிற்சியாளன் ஒருவன்