ஈயக்குண்டு வார்த்தால் 7 ஆண்டு ஜெயில். தூசியோ பிள்ளைகளுக்கு எமன்!

நாகர்கோவில்: காட்டுப்பன்றி, மிளா வேட்டைக்காக நாட்டுத்துப்பாக்கிக்கு வீட்டிலேயே ஈயக்குண்டு வார்ப்பவர்களுக்கு ஆபத்து ரெண்டு பக்கமும் காத்திருக்கிறது.

ஒன்று சட்டம். 2019ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ குண்டோ செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். அந்தக் காலத்தில் தக்கலை அருகே உதயகிரி கோட்டையில் டிலனாய் பீரங்கி வார்த்தார் என்றால், அது மார்த்தாண்டவர்மா மகாராஜாவுக்காக. இன்று அடுப்படியில் வார்ப்பவருக்கு யார் துணை?

இன்னொன்று விஷம். பழைய பேட்டரி ஈயத்தை உருக்கும்போது கிளம்பும் புகையும் தூசியும் தரையில், துணியில் படியும். தவழும் பிள்ளையின் வாய்க்குள் போனால் மூளை வளர்ச்சியே கெடும். ஈயத்தில் 'இவ்வளவு பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலைக்கு ஈயம் உருக்கும் கடலோர வீடுகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

போலீசிடம் தப்பலாம், வீட்டுக்குள் படிந்த விஷத்திடம் தப்ப முடியுமா?