நாலு மாச வேலையும் வேலைதான்!



"நாலு மாசம் வேலை, எட்டு மாசம் சும்மா. இதெல்லாம் ஒரு பொழப்பா?" இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வி என் பெரியப்பா மகனுக்கு. சமையல் படிப்பு முடித்த அண்ணன், போன குளிர்காலம் காஷ்மீர் குல்மர்க்கில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தார். டிசம்பரில் போனவர் மார்ச் கடைசியில்தான் வந்தார். மறுபடியும் போகணும் என்கிறார். ஒரகடம் கம்பெனியில் சேரச் சொல்கிறார்கள் பெரியவர்கள். பெண் கேட்டுப் போன இடத்திலும், "நிரந்தர வேலை இல்லையே" என்று கைவிரித்துவிட்டார்கள். என் கருத்து வேறு. பருவ வேலை இழிவான வேலை அல்ல என்பேன் நான்.

பனி என்றால் நமக்கு சினிமா பாட்டுதான் ஞாபகம் வரும். அங்கே வேலை செய்பவருக்கு அது பாட்டு இல்லை. குல்மர்க் சுமார் 8,700 அடி உயரம். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று அந்த ஊர்க்காரர்கள் பேரே வைத்திருக்கிறார்கள். காலையில் அண்ணனுக்கு முதல் வேலை அடுப்பு மூட்டுவது இல்லையாம், வாசலை மூடிய பனியை அள்ளிப் போடுவதாம்! அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு லேசில் வேகாது. நாம் இயற்பியலில் படிப்பதை அவர் கரண்டியோடு படித்திருக்கிறார்.

லீவு நாளில் காஷ்மீரி நண்பர் ஒருவர் அவருக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்தார். ரோப் காரில் போய் சறுக்கி இறங்குவது ஒரு வகை. ரோப் கார் போகாத இடத்துக்கு, சறுக்கு மட்டையோடு நடந்தே ஏறுவது இன்னொரு வகை. வழுக்குகிற மட்டையோடு மலை ஏற முடியுமா? முடியும்! மட்டைக்கு அடியில் ஒரு பட்டைத் துணி ஒட்டுவார்கள். வெல்வெட்டை ஒரு பக்கம் தடவினால் வழவழ, எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொர அல்லவா? அதே கதைதான். முன்னே தள்ளினால் நகரும், பின்னே சறுக்காது. அந்தக் காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோலைக் கட்டினார்கள். இப்போது அங்கோரா ஆட்டு மயிரிலோ நைலானிலோ நெய்கிறார்கள். மலை ஏறுவதற்கும் நெசவு வேணும் பார்த்தீர்களா? நெசவாளர் வீட்டுப் பெண்ணாக எனக்கு அதில் ஒரு பெருமை.

"உயிருக்கு ஆபத்தாச்சே" என்பார்கள். உண்மைதான். 2010 பிப்ரவரியில் குல்மர்க் அருகே பனிச்சரிவில் 17 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். அதனால்தான் இது விளையாட்டுப் பிள்ளைகள் வேலை இல்லை. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் வரும். போகிறவர் ஒவ்வொருவரும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் வைத்திருக்கணும். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வழிகாட்டி "இன்னைக்கு வேண்டாம்" என்றால் திரும்பிவிடணும். இத்தனையும் தெரிந்தவரை 'சும்மா சுத்துறவர்' என்பது நியாயமா?

இப்போது நம்ம ஊரைப் பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்ட முடியுமா? தறிக்குழியில் ஈரம் ஏறினால் தறி நிற்கும். எங்கள் அப்பாவுக்கும் மழைக்காலத்தில் வருமானம் பாதிதான். அதற்காக யாராவது அப்பாவை 'வேலை இல்லாதவர்' என்று சொல்வார்களா? சொன்னால் நான் சும்மா விடுவேனா? பட்டுக்கு மழை எப்படியோ, குல்மர்க்குக்குப் பனி அப்படி. ஒரே வித்தியாசம், இங்கே அதிகம் வந்தால் கஷ்டம், அங்கே வராவிட்டால் கஷ்டம். 2024 ஜனவரியில் குல்மர்க் புல்தரையாகக் கிடந்தது. பனி இல்லாமல் 2024-லும் 2025-லும் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே தள்ளிவைத்தார்கள். வழிகாட்டி, ஸ்லெட்ஜ் இழுப்பவர், விடுதி ஊழியர் எல்லாருடைய வருமானமும் அதில் அடிபடும்.

ஆகவே, பெரியவர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் "எத்தனை மாசம்?" என்ற கேள்வி மட்டும் போதாது. சம்பளம் எழுத்தில் உண்டா? இன்சூரன்ஸ் உண்டா? மீதி மாசத்துக்கு என்ன ஏற்பாடு? இதைக் கேளுங்கள். அண்ணனிடம் பதில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதம் ஊட்டி சீசன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பழமொழி சொன்ன நாமே சீசன் வேலையைக் கேலி செய்யலாமா?

ஆரிஃப் கான் என்ற காஷ்மீரியின் அப்பா குல்மர்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். மகன் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடி பிடித்தார். தொழில் வீட்டுப் பிள்ளை தொழிலிலேயே உயர முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ வழிகாட்டல் கூட்டத்தில் இன்ஜினியரிங், நர்சிங் மட்டும் பேசாதீர்கள். குல்மர்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இவற்றின் பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். போவதும் போகாததும் எங்கள் விருப்பம். தெரியாமலே போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

தோழர்களே, தோழிகளே! வேலையை மாசக் கணக்கில் அளக்காமல், அதில் உள்ள கைத்திறனை வைத்து அளப்போம். சிந்திப்பீர்!

– பதினோராம் வகுப்பு மாணவி